கோவிட்டும் மூளையும்: வெளியான ஆய்வுகளின் போக்கைக் கணக்கெடுக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறையை அடுத்த ஒரு கல்லூரியில் நூலகராக இருக்கும் என்னிடம் ஆண்டுதோறும் முதுநிலை மாணவர் யாராவது ஒருவர் வந்து, "கோவிட் மூளையை என்ன செய்தது என்று எத்தனை ஆய்வு வந்திருக்கிறது சார்? இப்போது எந்தப் பக்கம் போகிறது?" என்று கேட்பதுண்டு. கேள்வியின் முதல் பாதிக்கு ஒரு பிற்பகலில் விடை சொல்லிவிடலாம். இரண்டாம் பாதிக்கு மூன்று மாதமாவது உட்கார வேண்டும். இக்கட்டுரை அந்த இரண்டாம் பாதிக்கானது. சித்தூர் வட்டத்து மாணவர்களில் சிலர் தமிழ்வழியிலும் சிலர் மலையாள வழியிலும் படித்து வந்தவர்கள். படிக்கவேண்டிய கட்டுரைகளோ ஏறத்தாழ எல்லாமே ஆங்கிலத்தில் இருப்பவை. ஆகவே தெரிந்தவர்களுக்கு வெளிப்படையாகத் தோன்றும் படிகளையும் விடாமல் சொல்கிறேன்.

ஆய்வுக் கட்டுரைகளையே எண்ணி, வகுத்து, அவற்றின் போக்கைக் கண்டறியும் துறைக்கு நூலளவியல் என்று பெயர். சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தை வளர்த்த எஸ். ஆர். ரங்கநாதன் 1948இலேயே 'லைப்ரமெட்ரி' என்ற சொல்லை முன்வைத்தார்; இன்று உலகம் வழங்கும் 'பிப்ளியோமெட்ரிக்ஸ்' என்ற சொல்லை ஆலன் பிரிட்சார்டு 1969இல்தான் கொண்டுவந்தார். எனவே இதை எங்கிருந்தோ வந்த வித்தை என்று எண்ணித் தயங்க வேண்டியதில்லை.

தொடங்கும் முன் மனத்தில் இருத்த வேண்டியது ஒன்று உண்டு. வேலந்தாவளம் சந்தையில் தக்காளியைத் தரம் பிரிக்காமல் எடைபோட்டு விலை சொல்பவரை யாரும் வியாபாரி என்று மதிப்பதில்லை. கோவிட் காலத்து நரம்பியல் கட்டுரைகளும் அப்படித்தான். ஒரே ஒரு நோயாளியைப் பற்றி மருத்துவர் எழுதிய ஒன்றரைப் பக்கக் குறிப்பும், ஒரு இலட்சம் பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வும் தரவுத்தளத்தில் தலைக்கு ஒன்று என்றே எண்ணப்படும். பிரிக்காமல் எண்ணினால் கிடைக்கும் வரைபடம் நோயின் போக்கைக் காட்டாது. அந்தந்த மாதத்தில் எதை எழுதுவது எளிதாக இருந்தது என்பதையே காட்டும்.

முதற்படி: கேள்வியைச் சுருக்குதல்

"கோவிட்டும் நரம்பியலும்" என்பது தலைப்பு, கேள்வி அன்று. "2020 முதல் 2024 வரை, கோவிட்டால் வரும் முகர்வு இழப்பைப் பற்றிய ஆய்வுகள் எவ்வகையிலிருந்து எவ்வகைக்கு மாறின?" என்பது கேள்வி. காலம், நிலை, அளக்கப்போகும் மாற்றம் ஆகிய மூன்றும் ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

அடுத்து, கிடைக்கப்போகும் கட்டுரைகளை மூன்று சாக்குகளாக மனத்தில் பிரித்துக்கொள்ளுங்கள். வைரஸ் நரம்பு மண்டலத்துக்கு என்ன செய்தது என்று கேட்பவை முதற்சாக்கு. ஊரடங்கும் அச்சமும் தனிமையும் மனித மனத்துக்கு என்ன செய்தன என்று கேட்பவை இரண்டாவது. பெருந்தொற்றுக் காலத்தில் நரம்பியல் மருத்துவம் எப்படி நடந்தது என்பவை மூன்றாவது. பாலக்காட்டின் கிழக்குப் பகுதியினர் பெரிய வைத்தியம் என்றால் கோயம்புத்தூருக்குப் போகிறவர்கள். 2020இல் வாளையாறு சோதனைச் சாவடியில் பாஸ் இல்லாமல் யாரும் கடக்க முடியாதிருந்தபோது, அங்கிருந்து வலிப்பு மாத்திரை வாங்கிவந்த எங்கள் தெருப் பெரியவர் ஒருவருக்கு மருந்து விட்டுப்போய், ஆண்டுகளாக அடங்கியிருந்த வலிப்பு மறுபடியும் வந்தது. அவருக்குக் கோவிட் வரவே இல்லை. அவரைப் போன்றவர்களைப் பற்றிய கட்டுரையில் 'கோவிட்', 'வலிப்பு' என்ற இரு சொற்களும் இருக்கும். ஆனால் அது மூன்றாம் சாக்குக்கு உரியது. இதை முதற்சாக்கில் போட்டால், வைரஸ் வலிப்பை உண்டாக்குகிறது என்ற பொய்யான முடிவுக்கு நீங்களே வழி வெட்டிவிடுவீர்கள்.

இரண்டாம் படி: எங்கே தேடுவது

புதியவர்களுக்கு நான் முதலில் காட்டுவது பப்மெட். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1996 முதல் இலவசமாக நடத்திவரும் தரவுத்தளம் அது; மருத்துவக் கட்டுரைகளின் தலைப்பு, சுருக்கம், குறிச்சொல் ஆகியவை அங்கே கிடைக்கும். கட்டுரைகள் ஒன்றையொன்று மேற்கோள் காட்டிய விவரமும் வேண்டுமென்றால், 2022 ஜனவரியில் தொடங்கிய ஓப்பன்அலெக்ஸ் என்னும் திறந்த தரவுத்தளத்தை நாடலாம். ஸ்கோப்பஸ், வெப் ஆஃப் சயின்ஸ் ஆகியவை கட்டணத்துக்குரியவை. எங்கள் போன்ற சிறிய கல்லூரிக்கு எட்டாதவை. முதல் முயற்சிக்கு அவை இல்லாதது பெருங்குறையும் அன்று.

முழுக் கட்டுரையைப் படிப்பதில் நிலைமை முன்னைவிட மேம்பட்டிருக்கிறது. நடுவண் அரசின் 'ஒரு நாடு, ஒரு சந்தா' திட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்து, அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 13,000 இதழ்களைத் திறந்துவிட்டிருக்கிறது. உங்கள் கல்லூரி அதில் சேர்ந்ததா என்பதை நூலகரிடம் கேளுங்கள். சேராவிட்டாலும் கோவிட் கட்டுரைகளில் பெரும்பகுதி இலவசமாகவே கிடைக்கும். பெருந்தொற்றுக் காலத்தில் பதிப்பகங்கள் பலவும் அவற்றைத் திறந்தே வைத்தன.

முன்னச்சுகளைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை இப்போதே முடிவு செய்துவிடுங்கள். சக ஆய்வாளர் மதிப்பீட்டுக்கு முன்பே பொதுவெளியில் வைக்கப்படும் கட்டுரைகள் அவை. மருத்துவத்துக்கான மெட்ஆர்க்கைவ் 2019 ஜூனில்தான் தொடங்கியது. தொடங்கி ஓராண்டு ஆவதற்குள் கோவிட் அதை நிரப்பிவிட்டது. சேர்ப்பதானால் ஒரே ஆய்வு முன்னச்சாகவும் இதழ்க் கட்டுரையாகவும் இருமுறை எண்ணப்படாமல் பார்க்க வேண்டும். முதல் முயற்சியில் விட்டுவிடுவதே நல்லது என்பது என் எண்ணம்.

மூன்றாம் படி: தேடற்சொல்

பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். எனவே சற்று நின்று சொல்கிறேன். தேடற்சொற்களை ஆங்கிலத்தில்தான் தட்டச்ச வேண்டும். நோயின் பெயர்களை 'ஆர்' என்ற இணைப்புச் சொல்லால் கோத்து ஓர் அடைப்புக்குறிக்குள்ளும், நரம்பியல் சொற்களை அவ்வாறே கோத்து மற்றோர் அடைப்புக்குறிக்குள்ளும் வைத்து, இரண்டையும் 'ஆண்ட்' என்பதால் இணைப்பதே அடிப்படை அமைப்பு. இணைப்புச் சொற்களைப் பெரிய எழுத்தில் இடவேண்டும். சொல்லுக்குப் பின் சதுர அடைப்பில் டி, ஐ, ஏ, பி என்ற நான்கு எழுத்துகளை இட்டால், தலைப்பிலும் சுருக்கத்திலும் குறிச்சொல்லிலும் மட்டும் தேடும்.

நோயின் பெயரில் ஒரு கண்ணி இருக்கிறது. உலக சுகாதார அமைப்பு 'கோவிட்-19' என்று பெயர் சூட்டியது 2020 பிப்ரவரி 11 அன்று. அதற்கு முந்தைய கட்டுரைகள் '2019-என்கோவ்' என்றும் 'புதிய கொரோனா வைரஸ்' என்றும் எழுதின. அப்பெயர்களையும் சேர்க்காவிட்டால் தொடக்க வாரங்கள் உங்கள் வலையில் விழா. அதற்காகக் 'கொரோனா' என்று மட்டும் தேடிவிடாதீர்கள். மூளையில் 'கொரோனா ரேடியேட்டா' என்று ஒரு நரம்பிழைப் பகுதி இருக்கிறது. பக்கவாதக் கட்டுரைகளில் அது பழகிய பெயர். இன்னும் அகல வலை வீசுகிறேன் என்று 'கொரோனா' என்பதன் பின், அவ்வெழுத்துகளில் தொடங்கும் எல்லாச் சொற்களையும் கொண்டுவரும் உடுக்குறியை (*) இட்டாலோ, எம்.ஆர்.ஐ. படத்தின் 'கொரோனல்' வெட்டும், இதயத்தின் 'கொரோனரி' நாளமும் சேர்ந்து வந்து குவியும். எங்கள் நூலகத்தில் ஒரு மாணவி இப்படித் தேடிவிட்டு, கோவிட் நரம்பியல் ஆய்வு 1960களிலேயே தொடங்கிவிட்டது என்று வரைபடத்தோடு வந்து நின்றார். அந்த வரைபடத்தை இன்றும் வைத்திருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் காட்டுவேன்.

பப்மெட் தன் கட்டுரைகளுக்கு இடும் மெஷ் என்னும் நிலையான தலைப்புச் சொற்களும் உதவும். ஆனால் அவற்றை மட்டும் நம்பவேண்டாம்: எல்லா இதழ்களின் கட்டுரைகளுக்கும் அவை இடப்படுவதில்லை, முன்னச்சுகளுக்கும் கிடையாது. மெஷ் தலைப்பையும் சாதாரணச் சொல்லையும் 'ஆர்' போட்டுச் சேர்த்துத் தேடுவதே பாதுகாப்பு.

நரம்பியல் பக்கத்தில் 'நியூரோ' என்பதன் பின் உடுக்குறி இட்டால் மட்டும் போதாது. முகர்வு இழப்பைக் குறிக்கும் 'அனோஸ்மியா', பக்கவாதம், மூளையழற்சி, சித்தப் பிரமை போன்ற குழப்ப நிலை, தலைவலி, கில்லன்-பாரே நோய், 'பிரெயின் ஃபாக்' என்று பொதுமக்களே பெயரிட்ட மந்த நிலை ஆகிய ஒவ்வொன்றையும் எழுத வேண்டும். தேடிய நாளையும் தேடற்சொல்லை முழுவதுமாகவும் ஒரு கோப்பில் ஒட்டிவைத்துவிடுங்கள். தரவுத்தளம் நாள்தோறும் வளர்வது. அடுத்த வாரம் அதே சொல்லுக்கு வேறு எண் வரும்.

நான்காம் படி: இறக்குதலும் சலித்தலும்

முடிவுப் பக்கத்தின் இடப்புறம் ஆண்டுவாரியான சிறு பட்டை வரைபடம் இருக்கும். அதன் எண்களை அப்படியே கோப்பாக இறக்கலாம். கட்டுரை விவரங்களை இறக்கும்போது ஒரு தடவைக்கு 10,000 என்பது வரம்பு. தொகுப்பு அதைவிடப் பெரிதானால் ஆண்டுவாரியாகவோ மாதவாரியாகவோ பிரித்து இறக்கிக்கொள்ளுங்கள். எக்செலில் வேலை செய்ய ஒரு படிவமும், பின்னால் சொல்லப்போகும் வரைபட மென்பொருளுக்குப் 'பப்மெட்' வடிவில் ஒரு படியும் தேவைப்படும்.

தேதி விஷயத்தில் கவனம் வேண்டும். இணையத்தில் வெளியான நாளும் இதழில் அச்சான நாளும் வேறு வேறு. மூக்கின் வழியே வைரஸ் மூளைக்குள் செல்லக்கூடும் என்று பெர்லின் மருத்துவர்கள் 33 பிரேதப் பரிசோதனைகளை வைத்து எழுதிய கட்டுரை 2020 நவம்பர் இறுதியில் இணையத்திலும், 2021 பிப்ரவரி இதழிலும் வந்தது. எந்தத் தேதியை எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அது ஓர் ஆண்டுக்கே இடம் மாறும். ஏதாவது ஒன்றைத் தேர்ந்து கடைசிவரை அதையே பின்பற்றுங்கள். பெருந்தொற்று போன்ற வேகமான பொருளுக்கு இணைய நாளே பொருத்தம்.

சலித்தலை இருவர் தனித்தனியே செய்வது நல்லது. தலைப்பையும் சுருக்கத்தையும் படித்து, எந்தச் சாக்கு, உள்ளேயா வெளியேயா என்று இருவரும் குறித்துவிட்டுப் பிறகு ஒப்பிட வேண்டும். முதல் ஐம்பது கட்டுரைகளில் எங்கே முரண்பட்டீர்கள் என்று பேசினால், விதி எங்கே தெளிவில்லை என்பது தானாகப் புலப்படும். நண்பர் கிடைக்காவிட்டால், பத்து நாள் கழித்து நீங்களே பழைய குறிப்பைப் பார்க்காமல் மீண்டும் குறித்துப் பாருங்கள்.

ஐந்தாம் படி: தரம் பிரித்தல்

எக்செலில் ஆண்டு, மாதம், நாடு, சாக்கு, நரம்பியல் நிலை, ஆய்வு வகை, ஆய்வில் இருந்தோர் எண்ணிக்கை, ஒப்பீட்டுக் குழு உண்டா இல்லையா என்ற நிரல்கள் வேண்டும். கடைசி இரண்டையும் சேர்க்கப் பலரும் சோம்புகிறார்கள். நான் பார்த்தவரையில் கட்டுரையைக் காப்பாற்றுவது அந்த இரண்டுதான்.

ஆய்வு வகை என்பதில் கடிதம் மற்றும் கருத்து, ஒற்றை நோயாளி அறிக்கை, நோயாளித் தொகுதி, ஒப்பீட்டுக் குழுவுடன் கூடிய தொடர் கண்காணிப்பு, படிம ஆய்வு, பிரேதப் பரிசோதனை, விலங்கு மற்றும் ஆய்வக ஆய்வு, சிகிச்சைச் சோதனை, முந்தைய கட்டுரைகளைத் தொகுத்துச் சொல்லும் மீள்பார்வை, அவற்றின் எண்களை ஒன்றுசேர்த்துக் கணக்கிடும் தொகுப்பாய்வு என்று பிரித்தால் போதும். பப்மெட் தானே இடும் வகைப்பெயர் உதவியாக இருந்தாலும், 'இதழ்க் கட்டுரை' என்ற பொதுப் பெயருக்குள் பலவும் ஒளிந்திருக்கும். கையால்தான் பிரிக்க வேண்டும். மீள்பார்வைகளைத் தனியே எண்ணுங்கள். 2020இல் பத்துப் பதினைந்து மூலக் கட்டுரைகளையே திரும்பத் திரும்பச் சுற்றிவந்த மீள்பார்வைகள் ஏராளம். அவற்றையும் சேர்த்து எண்ணினால் இல்லாத அறிவு இருப்பதாகத் தோன்றும்.

ஆறாம் படி: எண்ணுதலும் வரைபடமும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெறும் எண்ணிக்கையோடு, அவ்வாண்டின் மொத்தக் கோவிட் கட்டுரைகளில் இது எத்தனை விழுக்காடு என்பதையும் கணக்கிடுங்கள். எல்லாக் கோவிட் ஆய்வும் வளர்ந்தபோது நரம்பியலும் வளர்ந்தது என்பது ஒரு செய்தியே அன்று. மேற்கோள் எண்ணிக்கையை வைத்து 2020ஆம் ஆண்டுக் கட்டுரையையும் 2024ஆம் ஆண்டுக் கட்டுரையையும் ஒப்பிடாதீர்கள். முன்னது நான்கு ஆண்டு மூத்தது, முதலில் வந்தது என்பதற்காகவே எல்லோராலும் காட்டப்படுவது.

குறிச்சொற்கள் எவ்வெவற்றோடு சேர்ந்து வருகின்றன என்று வலைப்பின்னலாக வரைய, லெய்டன் பல்கலைக்கழகத்தின் நீஸ் யான் வான் எக், லூடோ வால்ட்மன் ஆகியோர் உருவாக்கிய வி.ஓ.எஸ். வியூவர் என்னும் இலவச மென்பொருள் இருக்கிறது. பப்மெட் கோப்பை அது நேரடியாக ஏற்கும். ஆனால் அக்கோப்பில் மேற்கோள் விவரம் இராததால், குறிச்சொல் உறவையும் இணையாசிரியர் உறவையும் மட்டுமே வரையலாம். வரையும் முன் ஒருபொருட் பன்மொழிகளை ஒன்றாக்கும் பட்டியல் ஒன்றைத் தயாரித்துக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் 'கோவிட்-19', 'கோவிட்19', 'சார்ஸ்-கோவ்-2 தொற்று' ஆகிய மூன்றும் மூன்று வட்டங்களாக நின்று படத்தைக் கெடுக்கும். வண்ண வட்டங்கள் அழகாக இருக்கும் என்பதால் மாணவர்கள் அதையே முடிவாகக் கொள்கிறார்கள். அது எந்தக் கட்டுரையைப் படிக்க வேண்டும் என்று காட்டும் கைகாட்டி மரம். அதன் கீழேயே குடியிருக்கக் கூடாது.

ஏழாம் படி: போக்கைப் படித்தல்

எண்ணி முடித்த பிறகு ஒவ்வொரு நிலைக்கும் மூன்று நான்கு முதன்மைக் கட்டுரைகளை முழுதாகப் படிக்க வேண்டும். என்ன எதிர்பார்க்கலாம் என்பதைச் சில எடுத்துக்காட்டுகளால் சொல்கிறேன்.

தொடக்கம் அவசரக் குறிப்புகளின் காலம். 2020 ஏப்ரலில் வூகான் மருத்துவமனைகளில் 214 நோயாளிகளைப் பார்த்து எழுதிய கட்டுரை, 36.4 விழுக்காட்டினருக்கு நரம்பியல் அறிகுறி இருந்தது என்றது. தலைச்சுற்றல், தலைவலியிலிருந்து பக்கவாதம் வரை எல்லாம் அந்த எண்ணுக்குள் அடக்கம். அதே மாதம் ஸ்ட்ராஸ்பர்க் தீவிர சிகிச்சைப் பிரிவின் 58 நோயாளிகளைப் பற்றியும், நியூயார்க்கில் ஐம்பது வயதுக்குட்பட்ட ஐந்து பேருக்குப் பெருநாளப் பக்கவாதம் வந்ததைப் பற்றியும், வட இத்தாலியில் ஐந்து பேருக்குக் கில்லன்-பாரே நோய் வந்ததைப் பற்றியும் குறிப்புகள் வந்தன. 214, 58, 5, 5 என்ற இந்த எண்களை உங்கள் நிரலில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பார்த்தாலே அக்காலத்தின் இயல்பு விளங்கும். அவற்றை இகழ்ந்து சொல்லவில்லை. நோயாளி கண்முன் இருக்க, ஒப்பீட்டுக் குழு தேடிக்கொண்டிருக்க மருத்துவர்களுக்கு நேரமில்லை.

கில்லன்-பாரே நோயின் கதை புதியவர்களுக்கு நல்ல பாடம். கை கால் பலத்தை அடியிலிருந்து மேலாக இழக்கச் செய்யும் அந்நோய்க்கும் கோவிட்டுக்கும் தொடர்புண்டு என்று ஒற்றை நோயாளி அறிக்கைகள் தொடர்ந்து வந்தபடி இருந்தன. ஆனால் 2020 டிசம்பரில் பிரிட்டன் ஆய்வாளர்கள் நாடு தழுவிய சிகிச்சைப் பதிவுகளைக் கணக்கெடுத்தபோது, பெருந்தொற்று மாதங்களில் அந்நோய் குறைந்தே இருந்தது என்றும், கோவிட்டோடு தொடர்பு காணவில்லை என்றும் எழுதினார்கள். ஊரடங்கினால் அந்நோயைத் தூண்டும் வேறு தொற்றுகள் குறைந்திருக்கலாம் என்பது அவர்கள் தந்த விளக்கம். அறிக்கைகளின் எண்ணிக்கையை மட்டும் வரைந்தவருக்குக் கோடு மேலே ஏறிக்கொண்டிருக்கும். நோயாளிகளின் எண்ணிக்கையை வரைந்தவருக்குக் கீழே இறங்கும்.

முகர்வு இழப்புதான் தொடங்குபவர்களுக்கு நான் பரிந்துரைக்கும் பொருள். போக்கு இவ்வளவு தெளிவாகத் தெரியும் நிலை வேறில்லை. கேட்பவர்களுக்கும் உடனே புரியும். சாம்பாரில் காயத்தின் மணம் வரவில்லை என்று அம்மாவோடு சண்டை பிடித்துவிட்டு மறுநாள் பரிசோதனைக்குப் போன மாணவர்கள் எங்கள் கல்லூரியிலேயே இருக்கிறார்கள். முதலில் வந்தவை கேள்விப் பட்டியல் ஆய்வுகள்: 2020இல் பன்னாட்டுக் குழு ஒன்று 4,039 பேரிடம் இணையவழிக் கேட்டு, மணம் மட்டுமன்றிச் சுவையும், மிளகாயின் காரத்தையும் புதினாவின் குளிர்ச்சியையும் உணரும் திறனும் குறைவதைக் காட்டியது. அடுத்து, எந்த உயிரணு தாக்கப்படுகிறது என்ற கேள்வி எழுந்தது. வைரஸ் நுழைவதற்கு வேண்டிய ஏ.சி.இ.-2 ஏற்பி மணத்தை உணரும் நரம்பணுக்களில் இல்லை, அவற்றைத் தாங்கி நிற்கும் துணை உயிரணுக்களில்தான் இருக்கிறது என்று 2020 ஜூலையில் ஹார்வர்டு குழுவினர் மரபணு வெளிப்பாட்டுத் தரவிலிருந்து காட்டினார்கள். 2021 நவம்பரில், இறந்தோரின் மூக்குத் திசுவைச் சில மணி நேரத்துக்குள் எடுத்து ஆராய்ந்த பெல்ஜிய-ஜெர்மானியக் குழு, தாக்கப்படுவது துணை உயிரணுவே என்று நேரிலேயே கண்டது. நரம்பணு தாக்கப்படாமலேயே அதன் முகர்வு மரபணுக்கள் ஏன் அடங்கிப்போகின்றன என்பதை 2022இன் தொடக்கத்தில் வேறொரு குழு விளக்கியது. அவ்வாண்டு டிசம்பரில், மணம் திரும்பாத ஒன்பது பேர் உட்பட 24 பேரின் மூக்குத் திசுவை எடுத்துப் பார்த்தவர்கள், வைரஸ் போன பிறகும் நோயெதிர்ப்பு உயிரணுக்கள் அங்கே தங்கியிருப்பதைக் கண்டார்கள். ஆயிரக்கணக்கானோரின் கேள்விப் பட்டியலிலிருந்து 24 பேரின் திசுவுக்கு வந்ததில் எண்ணிக்கை சுருங்கியது; விளக்கமோ ஆழமானது. எண்ணிக்கை நிரலை ஆய்வு வகை நிரலோடு சேர்த்துப் படிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

வைரஸ் மூளைக்குள் நுழைகிறதா என்ற கேள்வி இவ்வளவு நேராகச் செல்லவில்லை. ஹாம்பர்க்கில் இறந்த 43 பேரின் மூளையை ஆராய்ந்த கட்டுரை, சோதித்த 40 பேரில் 21 பேரிடம் வைரஸின் தடயம் இருந்தது, ஆனால் தடயத்துக்கும் மூளைச் சேதத்தின் கடுமைக்கும் தொடர்பில்லை என்றது. 2020 டிசம்பர் இறுதியில் அமெரிக்க ஆய்வாளர்கள் நுண்ணாளச் சேதத்தைக் கண்டார்கள்; வைரஸைக் காணவில்லை. இதற்குப் பிறகு ஆய்வுகளின் கவனம் நுழைவிலிருந்து அழற்சி, நோயெதிர்ப்பு, இரத்த நாளம் ஆகியவற்றுக்கு நகர்ந்ததை உங்கள் குறிச்சொல் வரைபடத்திலும் காணலாம். மூச்சுப் பாதையில் மட்டும் லேசான தொற்று கொண்ட எலிகளிலும் மூளையின் காவல் உயிரணுக்கள் தூண்டப்பட்டு நரம்புறை குறைவதை 2022இலும், 'பிரெயின் ஃபாக்' உள்ளவர்களிடம் இரத்த-மூளைத் தடுப்பு கசிவதை 2024இலும் காட்டிய கட்டுரைகள் இவ்வரிசையில் வருபவை.

தொற்று தீர்ந்த பிறகும் அறிகுறிகள் நீடிக்கும் நீள்கோவிட் பற்றிய அலை தனியானது. உலக சுகாதார அமைப்பு அதற்கு வரையறை தந்தது 2021 அக்டோபர் 6 அன்று. அதற்கு முன் ஒவ்வொருவரும் வெவ்வேறு காலக்கெடுவை வைத்து எழுதியதால், அந்நாளை வரைபடத்தில் ஒரு செங்குத்துக் கோடாக இட்டு, இருபுறத்தையும் பிரித்துப் படியுங்கள். பெருந்தரவுகளின் காலமும் இதுவே. கோவிட் வந்த 2,36,379 பேரின் மின்பதிவுகளைப் பார்த்த 2021ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டு ஆய்வு, ஆறு மாதத்துக்குள் 33.62 விழுக்காட்டினருக்கு நரம்பியல் அல்லது மனநல நோய் பதிவானது என்றது. செய்தித்தாள்கள் அந்த எண்ணையே பிடித்துக்கொண்டன; கோவிட் வந்த அனைவரிலும் வாழ்வில் முதன்முறையாக அப்படிப் பதிவானவர்கள் 12.84 விழுக்காடுதான் என்று அதே சுருக்கத்திலேயே இருந்தது. நான் மாணவர்களை இரு எண்களையும் ஒரே கட்டத்தில் எழுத வைப்பேன்.

தன்னார்வலர்களின் உடல்நலத் தரவைத் திரட்டிவைக்கும் பிரிட்டன் பயோபேங்கைக் கொண்டு 2022இல் வந்த ஆய்வுக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. 785 பேருக்குப் பெருந்தொற்றுக்கு முன்பே மூளைப் படம் எடுக்கப்பட்டிருந்தது. அவர்களில் 401 பேருக்கு இரு படங்களுக்கும் இடையில் கோவிட் வந்தது, 384 பேருக்கு வரவில்லை. எனவே முன்னும் பின்னும் ஒப்பிட முடிந்தது. முகர்வோடு தொடர்புடைய பகுதிகளில் சாம்பல்நிறப் பொருள் கூடுதலாகக் குறைந்திருப்பது தெரிந்தது. கூடுதல் இழப்பு சராசரியாக 0.2 முதல் 2 விழுக்காடு வரைதான். 2024இல் இங்கிலாந்தில் 1,12,964 பேர் இணையவழி அறிவுத்திறன் சோதனை எழுதிய ஆய்வும் இத்தகைய அளவுகளையே பேசுகிறது: அறிகுறி தீர்ந்தவர்களிடம் நுண்ணறிவு எண்ணில் 3 புள்ளிக்கு ஈடான குறைவு, தீராதவர்களிடம் 6, தீவிர சிகிச்சையில் இருந்தவர்களிடம் 9. இது ஒரே நேரத்தில் அளந்த ஒப்பீடு. தொற்றுக்கு முன் அவர்களின் நிலை அளக்கப்படவில்லை என்பதை நிரலில் குறிக்க மறக்காதீர்கள்.

நம் பக்கத்துக் கட்டுரைகள்

இந்தியாவின் முதல் தொற்று பதிவானது எங்கள் பாலக்காட்டை ஒட்டிய திருச்சூர் மாவட்டத்தில், 2020 ஜனவரி 30 அன்று. இருந்தும் நாடுவாரியாக எண்ணும்போது இந்தியாவின் வரைபடம் உலகப் போக்கை அப்படியே பின்பற்றாது. 2021இல் கருப்புப் பூஞ்சை என்ற தனி முகடு எழும். மூக்கில் தொடங்கிக் கண் வழியாக மூளைக்கு ஏறும் அந்நோயைப் பற்றி 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை பல மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு, 287 நோயாளிகளில் 187 பேருக்குக் கோவிட் தொடர்பு இருந்ததைக் காட்டியது. 'நரம்பியல்' என்ற சொல் மட்டும் உங்கள் தேடலில் இருந்தால் இவை பலவும் தப்பிவிடும். காது மூக்கு தொண்டை, கண் மருத்துவ இதழ்களில் கிடக்கும். நியூராலஜி இந்தியா, இந்திய நரம்பியல் கழகத்தின் ஆனல்ஸ் ஆகிய இதழ்களைத் தனியாகவும் புரட்டிப் பாருங்கள்.

ஆசிரியர் பெயர்களை எண்ணுவதில் நமக்கென்றே ஒரு தொல்லை உண்டு. தமிழர் பெயரில் தலைப்பெழுத்து முன்னே வரும்; தரவுத்தளமோ குடும்பப் பெயரைக் கேட்கும்; தகப்பனார் பெயரே ஆசிரியர் பெயராகிவிடும். மலையாளிகளுக்கு வீட்டுப்பெயர் வேறு சேரும். ஒரே மருத்துவர் மூன்று பேராக எண்ணப்படுவதும், மூன்று பேர் ஒருவராவதும் நடக்கும். 2012இல் தொடங்கிய ஆர்க்கிட் என்னும் ஆய்வாளர் அடையாள எண் இருந்தால் அதைக் கொண்டு சரிபாருங்கள். இல்லாவிட்டால் நிறுவனத்தின் பெயரை வைத்துப் பிரியுங்கள்.

எழுதும் முன் ஒரு சரிபார்ப்பு

தொகுப்பிலுள்ள கட்டுரைகளில் திரும்பப் பெறப்பட்டவை உண்டா என்று பாருங்கள். 2020 மே 22 அன்று லான்செட் மருத்துவ இதழில் வந்து, ஹைட்ராக்சிகுளோரோகுயின் பற்றி 96,000 நோயாளிகளின் தரவு என்று சொல்லி உலகையே அசைத்த கட்டுரை, தரவைச் சரிபார்க்க முடியாமல் ஜூன் 4 அன்று திரும்பப் பெறப்பட்டது. இரண்டு வாரம்கூட நிற்கவில்லை. மேற்கோள்களோ தொடர்ந்து வந்தன. திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைத் திரட்டும் ரிட்ராக்ஷன் வாட்ச் பட்டியலை 2023 முதல் கிராஸ்ரெஃப் என்னும் அமைப்பு இலவசமாக வழங்குகிறது; அதோடு உங்கள் கட்டுரைகளின் டி.ஓ.ஐ. என்னும் அடையாள எண்களை ஒப்பிட்டால் அரை மணியில் வேலை முடியும்.

எழுதும்போது தேடற்சொல்லும், தேடிய நாளும், எத்தனை கிடைத்தன, எத்தனையை ஏன் நீக்கினீர்கள் என்பதும் முதற்பகுதியிலேயே இடம்பெற வேண்டும். வகை பிரித்த எக்செல் கோப்பை அப்படியே பின்னிணைப்பாகக் கொடுங்கள். 'மூளைமந்தம்' என்பதுபோல் நீங்களே மொழிபெயர்த்த சொல்லைப் பயன்படுத்தினால், முதன்முறை வரும் இடத்தில் எந்தச் சொல்லுக்கு ஈடு என்று எழுதிவிடுங்கள். புறத்தேர்வாளர் மலையாளியாக இருந்தால் அங்கேதான் முதல் கேள்வி வரும். பிறகு, வாய்மொழித் தேர்வுக்கு முந்தைய வாரம் அதே தேடலை மறுபடி ஓட்டி, புதிதாக வந்தவற்றை மட்டும் ஒரு தனித்தாளில் குறித்து எடுத்துப் போங்கள்.